காரில் போட்டுக்கொண்டு ஓடி வருவதற்கு முன்

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நாமளே கொண்டு போயிடலாம்." புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றின் கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், வேலை பார்க்கும் எங்களில் யாரைக் கேட்டாலும், காதில் விழுந்து விழுந்து புளித்துப்போன பேச்சு இதுதான் என்பார்கள். சொல்பவர்களின் அக்கறையில் குறையில்லை, கணக்கில்தான் குறை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுகிறார்கள். போட வேண்டிய கணக்கு, விழுந்த நொடியிலிருந்து முதல் சிகிச்சை தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்பது. ஆம்புலன்சில் வந்தால் அந்தச் சிகிச்சை வீட்டுக் கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. காரில் வந்தால், ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகுதான்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதைச் சும்மா நினைத்துவிடாதீர்கள். பின்சீட்டில் நினைவில்லாமல் எண்பது கிலோ ஆள். முழங்கால் முன்சீட்டில் முட்டிக்கொண்டிருக்கும். தலை மார்பின் மேல் கவிழ்ந்திருக்கும். மூச்சுப் பாதை அடைபட இதைவிடத் தோதான நிலை கிடையாது. இரண்டு பக்கக் கதவையும் திறந்து, ஒருவர் எதிர்ப்பக்கமாக உள்ளே ஏறி அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்க வேண்டும். இன்னொருவர் இடுப்புக்கடியில் போர்வையைச் செருக வேண்டும், மூன்றாமவர் காலைத் திருப்ப வேண்டும். செருப்பு ஒரு பக்கம் மாட்டும், சீட் பெல்ட் ஒரு பக்கம் மாட்டும். பழகிய கைகள் நாலு சேர்ந்தாலும் நிமிடங்கள் போகும். இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். ஓடும் காரின் பின்சீட்டில் மார்பை அழுத்தவே முடியாது, ஏனென்றால் சீட்டுதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது.

அவரைத் தரையிலேயே மல்லாக்கப் படுக்க வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அவசர எண்ணை அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் சொல்லிக்கொடுப்பார். நடு நெஞ்சில் இரண்டு கையும் சேர்த்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட்டு. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயந்து தடவிக்கொடுப்பது போல அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை. நினைவில்லை ஆனால் மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும். தண்ணீர் மட்டும் வேண்டாம். முகத்தில் தெளிப்பதும் வேண்டாம், வாயில் ஊற்றவே வேண்டாம்.

ஆம்புலன்ஸ் என்றால் சைரன் வைத்த வேன் என்ற நினைப்புதான் எல்லாத் தவறுக்கும் வேர். சைரன் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் ஒரு சில நிமிடங்கள்தான், அதை ஓட்டுபவர்களே ஒப்புக்கொள்வார்கள். வண்டியின் மதிப்பு அதற்குள் இருப்பதில். 1966-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின் அதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை ஆம்புலன்சில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கினார். கார் பேட்டரியில் இயங்கிய அந்தக் கருவியின் எடை சுமார் 70 கிலோ. அப்படிச் சுமந்துகொண்டு போனதற்குக் காரணம், மாரடைப்பு வந்தவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே இறந்துபோனதுதான். இப்போது அது கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. நாம் இன்னமும் நெஞ்சுவலிக்காரரைப் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே செருகிக்கொண்டு கிளம்புகிறோம். அவரே ஓட்டிக்கொண்டு வருவதும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், எதிரே வருபவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அடுத்தது, "அது சின்ன ஆஸ்பத்திரி, அங்க ஒண்ணும் இருக்காது, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுவோம்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் மூளை அறுவை சிகிச்சையோ, இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேபோ பெரும்பாலும் இருக்காது. ஆனால் அடைபட்ட மூச்சைத் திறக்க, கொட்டும் ரத்தத்தை நிறுத்த, நிற்காத வலிப்பை அடக்க, சர்க்கரை இறங்கி மயங்கியவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற அங்கே முடியும். மாரடைப்பா என்று பார்க்கும் இசிஜியை வந்த 10 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பெரிய வகை மாரடைப்பு என்று தெரிந்து, அடைப்பைக் குழாய் வழியாக நீக்கும் இடத்துக்கு 120 நிமிடத்துக்குள் அனுப்ப முடியாது என்றால், தகுதியானவர்களுக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு அனுப்புவார்கள். அந்த ஊசியைத் தாண்டிக்கொண்டு மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போவதில் என்ன லாபம்?

பக்கவாதத்தில் கதை வேறு. அதிலும் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு, ஆனால் சிடி ஸ்கேன் எடுக்காமல் அதைத் தொடவே முடியாது. மூளையில் ரத்தக் கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். எனவே ராத்திரியும் ஸ்கேன் ஓடும் இடத்துக்குத்தான் போக வேண்டும், அது பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். எங்கே போவது என்பதை அவசர எண்ணில் இருப்பவரும் ஆம்புலன்ஸ்காரரும் முடிவு செய்யட்டும். எதிர்வீட்டுக்காரர் வேண்டாம்.

பக்கவாதத்தில் எங்களை அதிகம் தவிக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? எப்போது பார்த்தீர்கள் என்பது அல்ல, எப்போது நன்றாக இருந்தார். காலை ஆறு மணிக்கு எழுப்பும்போது வாய் கோணியிருந்தது என்றால் கடிகாரம் ஆறுக்குத் தொடங்குவதில்லை. இரவு பத்துக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்து மணிதான் கணக்கு. நடுவில் இரண்டு மணிக்கு எழுந்து நடந்து பாத்ரூம் போனதை யாராவது பார்த்திருந்தால் இரண்டு மணி. இந்த ஒரு தகவல் எட்டு மணி நேரத்தை நாலாக்கும். ஊசிக்கான வழக்கமான வரம்பு 4.5 மணி நேரம் என்பதால், வேறு தடை இல்லையென்றால், அது ஊசி உண்டா இல்லையா என்பதையே மாற்றிவிடும். சிலருக்கு நேரம் கடந்த பிறகும் கட்டியைக் குழாய் வழியாக எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே பார்த்தவரைக் கூடவே அழைத்து வாருங்கள். அவரை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத நாலு பேர் வண்டியில் ஏறி வருவது எங்களுக்குப் பழகிப்போன வேதனை.

ஆம்புலன்சைக் கூப்பிட்டாயிற்றா? வாசல் விளக்கைப் போடுங்கள், நாயைக் கட்டுங்கள், ஒருவர் தெருமுனைக்குப் போகட்டும், ஒருவர் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும். (பல குடியிருப்புகளின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, வீடு வாங்கும்போது யாரும் இதை அளந்து பார்ப்பதில்லை.) சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போடுங்கள், பழைய இசிஜி இருந்தால் அதையும். ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு சிக்னலைத் தாண்டிப் பின்தொடராதீர்கள். அது வழிவிடக் கேட்பது உங்களுக்காக அல்ல.

வண்டி வர வெகுநேரம் ஆகும், சொந்தக் காரில்தான் வந்தாக வேண்டும் என்றாலும் முதலில் அந்த எண்ணில் பேசிவிடுங்கள், பாதி வழியில் எதிர்கொண்டு வந்து மாற்றிக்கொள்ள அவர்களால் முடியலாம். நினைவுள்ளவரை முன்சீட்டில், சீட்டை முழுக்கப் பின்னே தள்ளி, பெல்ட் போட்டு உட்கார வையுங்கள், இறக்குவதும் எளிது. மூச்சுத்திணறுபவரைச் சாய்க்காதீர்கள், நிமிர்ந்தே இருக்கட்டும். ரத்தம் வந்தால் துணியை வைத்து வழி முழுக்க ஒருவர் அழுத்திக்கொண்டே வர வேண்டும், நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அழுதுகொண்டிருப்பவர் ஓட்ட வேண்டாம். ஓட்டாதவர் கேஷுவாலிட்டிக்குப் போன் போட்டு வயது, என்ன தொந்தரவு, எத்தனை நிமிடத்தில் வருவீர்கள் என்ற மூன்றை மட்டும் சொன்னால், ஸ்ட்ரெச்சர் வெளியே நிற்கும்.

எந்த வாசலில் நிற்கும்? புறநகர் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் ஒட்டுப்போட்டு வளர்ந்த கட்டடங்கள். முன்வாசல் ஓபி முடிந்ததும் பூட்டிவிடும், கேஷுவாலிட்டி பக்கவாட்டிலோ பின்தெருவிலோ இருக்கும். போனில் இருக்கும் மேப் பெயர்ப்பலகை உள்ள கேட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்து சேர்ந்தீர்கள் என்று வாழ்த்தும். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் இருட்டிய பிறகு போய், சரியான வாசலைப் பார்த்து மேப்பில் குறித்து வையுங்கள். ராத்திரி ஸ்கேன் உண்டா, பிரசவம் பார்ப்பார்களா என்றும் கேட்டு வையுங்கள். ஆளை இறக்கியதும் காரை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்துபோட்டுச் சாவியோடு உள்ளே ஓடினால், அடுத்த ஆம்புலன்ஸ் உங்கள் காருக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்கும்.

சுளுக்கு, காய்ச்சல், கட்டு மாற்றுவது போன்றவற்றுக்கு பஸ்ஸே போதும். டயாலிசிஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்பது வண்டி கிடைக்கும் நாளில் செய்துகொள்ளும் வேலை அல்ல. மாற்று ஆள் ஒருவரை முன்பே சொல்லி வையுங்கள், முடிந்ததும் தலைசுற்றும் என்பதால் தனியாக ஓட்டி வராதீர்கள். மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி செய்தவர் 24 மணி நேரம் வண்டி தொடக் கூடாது. டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பில், மருந்து, சீட்டு எல்லாம் கைக்கு வர மாலையாகிவிடும் என்பதால் அழைத்துப் போகிறவருக்குக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.