ரெண்டரிங் என்பது வழங்கல் அல்ல

குன்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் தன் நிலத்தின் புலப்படத்தை இணையத்தில் இறக்கிப் போனில் திறக்கிறார். 'ஆவணத்தை வழங்க முடியவில்லை' என்று வருகிறது. "ஏம்பா, தாலுகா ஆபீஸ்ல தர மாட்டேங்கிறாங்களா?" என்று கேட்கிறார். "அவங்க தந்துட்டாங்கண்ணா, உங்க போன்தான் காட்ட மாட்டேங்குது" என்கிறான் கடைப் பையன். செயலியைத் தமிழாக்கியவருக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றிவிட்டது.

அந்த 'வழங்க' என்பதன் ஆங்கில மூலம் 'ரெண்டர்': கோப்பில் இருப்பதைத் திரையில் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவது. லத்தீனில் 'திருப்பிக் கொடு' என்ற பொருளில் இருந்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ரெண்டர்' ஆனது. அங்கே அதற்குக் கிளைப்பொருள்கள் பல: கொடுத்தல், மொழிபெயர்த்தல், ஓவியத்தில் காட்டுதல், சுவருக்குச் சாந்து பூசுதல், கொழுப்பை உருக்குதல்கூட. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது ஓவியப் பொருளை. நம்மவர்கள் பிடித்துக்கொண்டது 'கொடுத்தல்' என்பதை.

சரி, வழங்கல் என்றால் தமிழனுக்கு என்ன நினைவுக்கு வரும்? குடிநீர் வழங்கல், குடிமைப்பொருள் வழங்கல், வட்ட வழங்கல் அலுவலர். 'வழங்கல் பிழை' என்று திரையில் பார்த்தால் ரேஷன் கார்டில் ஏதோ சிக்கல் என்றுதான் தோன்றும். 'வழங்கல் இயந்திரம்' என்று ஒரு செயலியின் அமைப்புகளில் பார்த்தேன். பணம் தருமோ?

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். இந்தச் சொல் காரணத்தையே மறைத்துவிடுகிறது என்பதுதான் என் கோபம். வழங்குவதென்றால் உள்ளே ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்து நீட்டுகிறார்கள் என்று பொருள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் அப்படி ஒரு படம் இருக்கும்தான். வெக்டர் படத்தில் கிடையாது. அதில் இருப்பவை கட்டளைகள்: இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குக் கோடு போடு, இங்கே வளை, இந்த நிறத்தை நிரப்பு. கோலப் புத்தகத்தில் புள்ளிக் கணக்கு கொடுத்திருப்பார்களே, அதுபோல. கோலத்தைப் போடுவது திறக்கும் செயலி. ஃபயர்பாக்ஸுக்குள் இருப்பது ஒரு நிரல், குரோமுக்குள் இருப்பது வேறு, லினக்ஸில் ஓக்குலர் என்ற பிடிஎஃப் செயலி நம்பியிருப்பது இன்னொன்று.

ஆகவே ஒரே கோப்பு இடத்துக்கு இடம் மாறித் தெரிகிறது. மலைச்சரிவின் சம உயரக் கோட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒரு செயலி மெல்லிய கோட்டை ஒரு முழுப் படப்புள்ளி (பிக்சல்) அகலத்துக்குத் தடிப்பாக்கும்; சரிவு மைப்பூச்சாகிவிடும். இன்னொன்று அதே கோட்டை இரண்டு புள்ளிகளுக்குப் பகிர்ந்து வெளிர்சாம்பலாக்கும். பாதிக் கோடு கண்ணுக்கே தெரியாது. அடுத்தடுத்து நிறம் நிரப்பிய இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோப்பில் இல்லாத வெள்ளைக் கீற்று முளைப்பதும் உண்டு. கோட்டின் தடிமன் 0 என்று எழுதியிருந்தால் இன்னும் வேடிக்கை. அந்தக் கருவியால் முடிந்த மிக மெல்லிய கோடு என்பதே பிடிஎஃப் விதியில் அதற்குப் பொருள். திரையில் நன்றாகத் தெரிந்த எல்லைக்கோடு 1200 புள்ளி அச்சுப்பொறியில் அங்குலத்தில் 1200-இல் ஒரு பங்காகி மறையும். பிடிஎஃப் 1993-இல் அடோபி வெளியிட்ட கோப்பு வடிவம், 2008-இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது. ஆனாலும் தரம் எழுதுவது ஒன்று, வரையும் கை வேறு.

'வரையும் கை' என்று எழுதும்போதே சொல் கிடைத்துவிடுகிறது: வரைந்துகாட்டல். 'இந்தக் கோப்பை வரைந்துகாட்ட முடியவில்லை' என்றால் குன்னூர்க்காரருக்குத் தாலுகா ஆபீஸ் மேல் சந்தேகம் வராது. அந்த 'வழங்கல் இயந்திரத்துக்கு' வரைபொறி.

'சித்தரிப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். சினிமா விமர்சனத்தில் கதாபாத்திரத்துக்கு அது பொருந்தும், இங்கே வேண்டாம். 'உருவாக்கம்' எதற்கும் ஒட்டும், அதனாலேயே எதையும் சொல்லாது. எழுத்துகளையும்தானே ரெண்டர் செய்கிறோம், அதை வரைவது என்பதா என்று கேட்பவர்களுக்கு: ஆம். எழுத்துருவில் 'அ' என்பதும் வளைகோடுகளின் விளிம்புதான்.

தமிழில் 'வரை' என்றாலும் மலை, 'கோடு' என்றாலும் மலை. தொட்டபெட்டாவின் முகட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் இந்தச் சொல்லுக்காக அகராதி தேட வேண்டியிருப்பது அநியாயம்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் தெரியும். திரையைக் காட்டாமல், எக்செல் தாளில் நூற்றுக்கணக்கான துண்டு வாக்கியங்களைக் கொடுத்தால் வேறு என்னதான் வரும்? 'வரைந்துகாட்டல்' நீளம், பட்டனில் இடமில்லை என்றும் அவர்களில் சிலர் சொல்வார்கள். அப்படியானால் பட்டனில் 'காட்டு' என்று போடுங்கள். 'வழங்கு' என்பதைவிட அதில் ஓர் எழுத்து குறைவுதான்.