பக்கவாரை எவ்வளவு நீளத்தில் கட்டுவது?

மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸின் சாம்ப் தெ மார்ஸ் திடலில் 1812 முதல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. பந்தயத்தை விட்டு சவாரிக்கு வரும் குதிரையிடம் முதலில் தெரியும் குறை அதன் வாய்தான். ஜாக்கி இழுத்துப் பிடித்த கடிவாள வாரின் மேல் பாரம் போட்டே ஓடிப் பழகியது அது. இப்போது வாரை இழுத்தால் நிற்காது, இன்னும் சாயும்.

இதை மாற்ற உதவுவது பக்கவார்: கடிவாள வளையத்திலிருந்து வயிற்றுவாருக்கு இருபுறமும் ஓடும் தோல்வார். குதிரை சாய்ந்தால் வாயில் அழுத்தம். தாடையைத் தளர்த்திய கணமே அழுத்தம் போய்விடும். குதிரை கற்பது அந்தக் கணத்தில்தான். ரப்பர் வளையம் வைத்த வார் மென்மையானது என்று பலர் வாங்குகிறார்கள். சாயச்சாய அது நீண்டுகொடுப்பதால், பாரம் போடும் குதிரைக்கு அது உதவாது என்பதே எங்கள் கருத்து.

குதிரைக்குக் காறையெலும்பு இல்லை. முன்கால்களுக்கு நடுவே உடல் தசைத் தொட்டிலில் தொங்குகிறது. தலையுச்சியிலிருந்து முதுகுவரை ஓடும் தடித்த நார், கழுத்து முன்னும் கீழுமாக நீளும்போது இழுபட்டு முதுகைத் தூக்கிக்கொடுக்கும். தலையை மார்போடு சேர்த்துக் கட்டினால் கழுத்து நடுவில் மடியும், தொண்டை நெருங்கும், முதுகு இறுகிப்போகும். ஆகவே நெற்றியிலிருந்து மூக்குவரையான கோடு செங்குத்துக்குச் சற்று முன்னே நிற்கும் நீளமே சரி. வயிற்றுவாரில் தோள்முனை உயரத்தில் மாட்டுங்கள்.

முதல் 10 நிமிடம் பக்கவார் வேண்டாம். நடையில் ஒவ்வோர் அடிக்கும் தலை ஆடும். கட்டியிருந்தால் அடிக்கு ஒருமுறை வாயில் இடிக்கும். ட்ராட் எனும் மெல்லோட்டத்தில் தலை ஏறக்குறைய அசையாது, வாருக்கு ஏற்ற வேளை அதுதான். நீண்ட கயிற்றில் பிடித்து உங்களைச் சுற்றி ஓட்ட 15 முதல் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம் போதும். அதைவிடச் சிறியது கால்மூட்டுகளை வருத்தும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றி, மொத்தம் 20 நிமிடத்தில் நிறுத்துங்கள்.

மாட்டியபடி கொட்டிலிலிருந்து நடத்தி வராதீர்கள். முன்னே போக வழியில்லை என்று தோன்றினால் குதிரை பின்வாங்கி, எழும்பி, மல்லாக்க விழும். முதல் நாள் வார் தொய்வாகவே இருக்கட்டும். பிறகு ஒருமுறைக்கு ஒரு துளை மட்டும் குறையுங்கள்.

நீளம் சரி என்பதற்கு உதட்டு நுரையை மட்டும் நம்பாதீர்கள். விழுங்க முடியாத குதிரைக்கும் நுரை தள்ளும். மணலைப் பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்திலோ அதைத் தாண்டியோ விழுந்தால் நீளம் சரி. தடத்துக்குப் பின்னே விழுந்து, வாலும் சுழன்றால் இரண்டு துளை தளர்த்துங்கள்.