“இரும்புதானே, என்ன ஆகும்?”: பரணிலிருந்து ரோடு சைக்கிளை இறக்குபவர்களுக்கு

பரணிலிருந்து இறக்கிய பழைய ரோடு சைக்கிள் (வளைந்த ஹேண்டில் வைத்த பந்தய வகை) என் பட்டறைக்கு வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டு பேருக்கும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினேன். மூன்றாவதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொண்டுவந்தது ஒரு கல்லூரிப் பையன். அவனுடைய பெரியப்பா 1980களில் இங்கிலாந்தில் வாங்கிய சைக்கிள், பல வருடம் பரணில் கிடந்திருக்கிறது. தூசி தட்டி, டயரையும் டியூபையும் மாற்றி, ஹேண்டில்பாரில் பழைய டேப்புக்கு மேலேயே புது டேப் சுற்றி, இரண்டு மாதமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வந்திருக்கிறான்.

“அண்ணே, ஹேண்டில் பக்கம் டிக் டிக்குன்னு சத்தம் வருது. கொஞ்சம் கிரீஸ் போட்டு விடுங்க.”

டேப்பைப் பிரித்தேன். உள்ளே வெள்ளைப் பொடியாக அரித்துப் போயிருந்தது. ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைத் தளர்த்தி ஹேண்டில்பாரை வெளியே எடுத்தால், ஸ்டெம் கவ்விப் பிடிக்கும் இடத்தில் பாதிச் சுற்றுக்கு மயிரிழை போல விரிசல். அவன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “இரும்பு சைக்கிள்தானே, எப்படி விரிசல் விடும்?”

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! தயவுசெய்து இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் “இரும்பு சைக்கிள்” என்று சொல்லும் பழைய ரோடு சைக்கிளில் பெரும்பாலும் ஃபிரேமும், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும்தான் ஸ்டீல். ஹேண்டில்பார் அலுமினியம். ஸ்டெம் அலுமினியம். பெடலைத் தாங்கும் கிராங்க், சீட் போஸ்ட், நல்ல மாடலாக இருந்தால் ரிம் எல்லாமே அலுமினியம். உங்கள் முகம் தார் ரோட்டில் மோதாமல் தாங்கிப் பிடிக்கிற பாகங்களில் பாதி இரும்பே இல்லை.

ஸ்டீலுக்கு ஒரு குணம் உண்டு. ஓர் எல்லைக்குள் அழுத்தம் கொடுத்தால் எத்தனை லட்சம் முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு பள்ளமும், நீங்கள் எழுந்து நின்று மிதித்த ஒவ்வொரு மிதியும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பெரியப்பா ஓட்டியதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. பரணில் சும்மா கிடந்த வருடங்களில் அது இளைப்பாறி இருக்காது. டேப்புக்குள் ஊறிய வியர்வை உப்பு வேறு அரித்துக்கொண்டிருந்திருக்கும். உடையும்போது வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, பட்டென்று போகும்.

ஃபிரேமைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. அந்தப் பையனுடையது ரெனால்ட்ஸ் 531 என்ற வகை ஸ்டீல் குழாய். 1935இல் வந்தது, அருமையான சரக்கு. 1990களின் நடுப்பகுதி வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஸ்டீல் ஃபிரேமில் ஜெயித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் குழாய் மெல்லியது என்பதை மறக்காதீர்கள். கொலம்பஸ் எஸ்எல் போன்ற ஸ்டீல் குழாயின் சுவர் கனம் முனையில் 0.9 மி.மீ., நடுவில் வெறும் 0.6 மி.மீ. கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் ஓட்டை விழுந்துவிடும். விரிசலைச் சரிபார்க்காமல் பவுடர் கோட்டிங் கொடுப்பது அதைவிட மோசம், விரிசலை மூடிப் பூசியதுதான் மிச்சம். கடல் காற்று வீசும் ஊரில் துரு உள்ளேயிருந்து வரும். சீட் போஸ்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதுசா பழசா எது நல்லது என்று தினமும் கேட்கிறார்கள். எல்லோரும் எடையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 72 கிலோ ஆள், 10.5 கிலோ பழைய சைக்கிள். அதே ஆள், கார்பன் நாரில் செய்த 8 கிலோ புது சைக்கிள். மொத்த எடையில் வித்தியாசம் 3 சதவீதம். சமதளச் சாலையில் அது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உண்மையான வித்தியாசம் பிரேக்கிலும் கியரிலும் இருக்கிறது. முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடித்தும் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். பல வருடம் காய்ந்து கல்லாகிப்போன பிரேக் கட்டை அதற்குத் துணை. இன்றைய டிஸ்க் பிரேக்கோடு இதை ஒப்பிடவே முடியாது, அதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். கியரும் அப்படித்தான். அன்றைக்கு முன்னால் 52, 42 பற்கள், பின்னால் பெரும்பாலும் 13 முதல் 24. இன்றைக்கு முன்னால் 50, 34, பின்னால் 34 வரை கிடைக்கிறது, மேடேற மிதி லேசாக இருக்கும். 42க்கு 24இல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மூட்டு வலியோடு வந்து சைக்கிளைத் திட்டுகிறார்கள். பாவம், பந்தய வீரனுக்காகப் போட்ட பல் எண்ணிக்கை அது.

சரி, கார்பன் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? கூடாது. ஸ்டெம் போல்ட் பக்கத்தில் 5 நியூட்டன் மீட்டர் என்று முறுக்கும் அளவை அச்சடித்திருந்தால் அது உங்களுக்காகத்தான். கைக்கணக்கில் முறுக்காதீர்கள். கீழே விழுந்து எழுந்த கார்பன் ஃபோர்க்கில் பெயின்ட் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காட்டுங்கள், அப்புறம் ஓட்டுங்கள்.

பரணிலிருந்து இறக்கிய சைக்கிள் என்றால் டேப்பை முழுதாகப் பிரித்துவிடுங்கள். வயது தெரியாத ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பிரேக் கட்டையும் கேபிளும் புதிதாகவே இருக்கட்டும். ஸ்டெம்மையும் சீட் போஸ்ட்டையும் அதில் குறித்திருக்கும் கோட்டுக்கு மேல் ஒரு நூல்கூட உயர்த்தாதீர்கள். உயரம் போதவில்லையென்றால் அந்த ஃபிரேம் உங்கள் அளவில்லை, அவ்வளவுதான்.

பையனின் ஸ்டெம்மைச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. அதற்கு, கவ்வும் இடத்தில் 26.0 மி.மீ. விட்டமுள்ள ஹேண்டில்பார் வேண்டும். கடைகளில் இன்று சுலபமாகக் கிடைப்பது 31.8, தேடினால் 25.4. “25.4 வாங்கித் தகரம் சுற்றி இறுக்கிக்கலாமாண்ணே?” என்று கேட்டான். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆர்டர் போட்டிருக்கிறேன், மூன்று வாரம் ஆகும். அதுவரை சைக்கிள் என் பட்டறையில்தான் இருக்கும்.