முடக்குவாதக்காரர்கள் காப்பீட்டு அட்டையோடு அலையும் முன்

கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் விடியுமுன்னே கிளம்பிவிடும். எங்கள் தெரு அக்கா ஒருவர் பல வருஷம் அதில் போனவர். ஒரு கட்டத்தில், காலையில் தூக்குச்சட்டி மூடியைக்கூட அவரால் திறக்க முடியவில்லை. விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் ஜீப் போய்விடும். முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய் என்று தெரிந்ததும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்று இடத்தில் கைவிரித்தார்கள். ஏன் என்று ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை செலவை ஏற்கும் அட்டை அது. ஆனால் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கும் அறுவைக்கும்தான். தேய்ந்துபோன முழங்கால் மூட்டை மாற்ற அது உதவும். முடக்குவாதத்துக்கோ மாதாமாதம் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அதற்கு அட்டையே வேண்டாம், அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி சீட்டு போதும்.

அங்கே போய் "கை கால் வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். வலி மாத்திரையும் களிம்பும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்குகின்றன, காலையில் இவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். தள்ளிப்போட்டால் மூட்டு கோணிக்கொள்ளும், கோணியது பழையபடி ஆகாது.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தால் கவனம்: வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு, மாத்திரை அட்டையின் பின்னாலேயே எழுதச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை பெற நினைப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் பேர் தெரியாமல் கொடுக்கும் "வாத மாத்திரை" வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி சட்டென்று அடங்கும், எலும்பு உள்ளுக்குள்ளே பலவீனமாகிக்கொண்டிருக்கும்.

சரி, அறுவைக்கு அட்டை வேண்டும் என்றால், பாதிப் பேர் மாட்டுவது வருமானச் சான்றில். நாள் கூலி 400 என்று சொன்னால் அதை 365-ஆல் பெருக்கி 1,46,000 என்று எழுதிவிடுகிறார்கள். தோட்டத்தில் வருஷம் முழுக்க யாருக்கு வேலை இருக்கிறது? 200 நாள் வேலை என்றால் 80,000தான். வேலை கிடைத்த நாட்களை நீங்களே தாளில் எழுதிக்கொண்டு விஏஓவிடம் போங்கள்.

அடுத்தது ரேஷன் கார்டு. குடும்பத்தில் யார் யார் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். கல்யாணமாகிப் போன மகள் பெயர் இன்னும் அப்பா கார்டிலேயே இருக்கும். படுக்கையில் சேரப்போகும் நாளில்தான் அது தெரியவரும். அப்புறம் பெயரை மாற்ற உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கும் தேனிக்கும் பஸ் செலவு. நோயாளி பெயர் கார்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

தோட்டத்துக்குப் பக்கம் என்று கேரளத்து ஆஸ்பத்திரியில் சேருபவர்கள் நிறைய. தமிழ்நாட்டு அட்டை அங்கே செல்லும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் திட்டத்தில் பதிவானதா, இந்த அறுவைக்கு முன் அனுமதி வந்துவிட்டதா என்று சேருமுன் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். "இப்போது கட்டுங்கள், பிறகு வாங்கித் தருகிறோம்" என்றால் கட்ட வேண்டாம். இது ரொக்கம் இல்லாத திட்டம், கட்டிய பணத்துக்காக அந்த அக்காவின் தம்பி இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். உடனே 1800 425 3993க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை. யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று ஆஸ்பத்திரி சீட்டின் பின்னால் குறித்து வையுங்கள்.