கடைசித் தவணைக்கு அடுத்த மாதம்

கடன் அடைந்த பிறகு ஆலோசனைக்கு யாரும் வருவதில்லை. இனி என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அவர்களில் சிலர் மறுபடியும் வருவார்கள், கையில் புதுக் கடன்களின் பட்டியலோடு. எங்கே சறுக்கியது என்று கேட்டால் ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. "தவணை முடிஞ்சா கையில நிறைய நிக்கும்னு நினைச்சேன், ஒண்ணும் நிக்கலையே" என்பார்கள்.

அப்படி வந்த ஒருவரோடு உட்கார்ந்து அவருடைய வங்கிக் கணக்கை வரிவரியாகப் பார்த்தேன். சம்பளத்தில் கால் பங்கு தவணைக்குப் போய்க்கொண்டிருந்தது. தவணை நின்ற முதல் மாதம் அந்தத் தொகை கணக்கில் அப்படியே கிடந்தது. அடுத்த மாதம் பாதி இருந்தது. நான்காவது மாதக் கடைசியில் இருப்பு, கடன் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கே வந்து நின்றது. பெரிய செலவு என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. போன் திட்டத்தை ஒரு படி உயர்த்தியிருந்தார், இரண்டு சந்தாக்கள் சேர்ந்திருந்தன, வெளியே சாப்பிடுவது கொஞ்சம் கூடியிருந்தது. அவ்வளவுதான்.

தவணைக்கு ஒரு தேதி இருந்தது, கட்டாயம் இருந்தது, கட்டாவிட்டால் அபராதமும் இருந்தது. சேமிப்புக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான்: தவணை எந்தத் தேதியில் பிடிக்கப்பட்டதோ, அதே தேதியில் அதே தொகை வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். இதைக் கடைசித் தவணைக்கு முன்பே செய்துவிடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாழ ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

தள்ளிப்போடுவதன் விலையையும் பார்த்துவிடலாம். மாதம் 10,000 வீதம், ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சியில், மாதாமாதம் கூட்டு வட்டி சேரும் கணக்கில் 10 ஆண்டுகள் போட்டால் சுமார் 18.3 லட்சம் ஆகும். ஒரே ஒரு வருடம் தாமதித்து 9 ஆண்டுகள் மட்டும் போட்டால் சுமார் 15.7 லட்சம். போடாமல் விட்டது 1.2 லட்சம், கடைசியில் கைக்கு வராமல் போவது சுமார் இரண்டரை லட்சம்.

அப்புறம், கடன் உண்மையிலேயே முடிந்ததா என்று பாருங்கள். கடைசித் தவணை போனதும் கணக்கு தானாக மூடிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சில்லறை நிலுவையோ ஒரு கட்டணமோ பாக்கி நின்று, அது பிறகு வளர்ந்து வந்து நிற்பதுண்டு. பாக்கி இல்லை என்று கடிதம் வாங்குங்கள். ஈடாகக் கொடுத்த அசல் பத்திரங்களையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலைகள் இருந்தால் அவற்றையும் திரும்பப் பெறுங்கள். வீட்டின் மீதோ வண்டியின் மீதோ அடமானப் பதிவு இருந்தால் அது நீக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் விற்கப் போகும் நாளில்தான் தெரியவரும். பழைய தவணைக்கான தானியங்கிப் பிடித்தத்தையும் ரத்து செய்துவிடுங்கள். ஓரிரு மாதம் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்து, அதில் இந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, மிச்சப்படும் பணத்தை எங்கே வைப்பது? மூன்று முதல் ஆறு மாத அத்தியாவசியச் செலவுக்கு அவசர நிதி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், வருமானம் சீராக வராதவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் நான் கேட்பது வேறொரு பட்டியல். மறுபடி கடனில் விழுந்தவர்களிடம் முதல் கடன் எதற்காக வாங்கினீர்கள் என்று விசாரித்தால், "எதிர்பாராத செலவு" என்பார்கள். துருவிக் கேட்டால் அது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாக இருக்கும், காப்பீட்டுப் பிரீமியமாக இருக்கும், தேய்ந்துபோன வண்டி டயராக இருக்கும். இதில் எது எதிர்பாராதது? வருடா வருடம் வருவதுதானே. மாதக் கணக்கில் இடம் இல்லாததால் வரும்போதெல்லாம் திடீரென்று வந்ததுபோல் தெரிகிறது.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மாதாமாதம் வராத, ஆனால் நிச்சயம் வரப்போகும் செலவுகளை எல்லாம் எழுதுங்கள். போன வருட வங்கிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் விட்டுப்போகாது. மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, வரும் தொகையை மாதாமாதம் தனியாக ஒதுக்குங்கள். மருத்துவமனைச் செலவு, வேலை இழப்பு போன்ற நிஜமான அவசரங்களுக்குத்தான் அவசர நிதி. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் பள்ளி திறக்கும் மாதத்தில் அவசர நிதி காலியாகிவிடும். மருத்துவக் காப்பீடும், உங்களை நம்பிக் குடும்பம் இருந்தால் ஆயுள் காப்பீடும் இல்லாமல் முதலீட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கடனோடு எடுத்த காப்பீடு பல நேரங்களில் கடனோடு முடிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

முதலீட்டில் கடன் முடித்தவர்களுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. வட்டி கட்டியே பல வருடம் போய்விட்டது, இனி வேகமாக ஈடுகட்ட வேண்டும் என்ற பதைப்பு. உறுதியான லாபம், அதுவும் மாதாமாதம் என்று யாராவது சொன்னால் இவர்கள் காதில்தான் சட்டென்று விழுகிறது. போன வட்டி போனதுதான். உங்கள் வயதுக்கும் தேவைக்கும் ஏற்ற சாதாரணமான திட்டங்கள் போதும். அதற்காக எல்லா ஆசையையும் கட்டிப்போடவும் சொல்லமாட்டேன். வருடக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்த குடும்பம், விடுபட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கை மனம்போல் செலவழிக்கட்டும். முதலிலேயே அதை ஒதுக்கிவிட்டால் மற்ற ஒன்பது பங்கு பத்திரமாக இருக்கும்.

கிரெடிட் கார்டு ஒன்று இருக்கலாம், மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுவதாக இருந்தால். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தது என்றால் அதுவும் வேண்டாம். மாதம் 3 சதவீத வட்டி கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்குத்தான் அழைப்புகள் அதிகம் வரும். "உங்களுக்குக் கடன் ஏற்கெனவே அனுமதியாகிவிட்டது" என்பார்கள். வேண்டாம் என்று சொல்வது அங்கே சுலபம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரரிடம்தான் கஷ்டம். கைமாற்று கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். ஜாமீன் கையெழுத்து கேட்டால் அன்றே போட்டுவிடாதீர்கள். வாங்கியவர் கட்டத் தவறினால் நிலுவை உங்கள் தலையில் விழும், உங்கள் கடன் வரலாற்றிலும் அது ஏறலாம். ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, எவ்வளவு தொகைக்கு, எத்தனை வருடத்துக்கு, இடையில் விலக வழி உண்டா என்று படித்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டு, மறுநாள் பதில் சொல்லுங்கள்.