கைதட்டலுக்குத் தாளம் போடுவது யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நவம்பர் 16 விழா; 1860இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து இறக்கிய நாள். தெருக்கூத்து முடிந்ததும் முதலில் சடசடவென்று இரைச்சல். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் ‘தப்... தப்...’ என்று ஒரே தாளத்தில் தட்டியது. அப்புறம் அதுவும் கலைந்து மறுபடி இரைச்சல். பக்கத்திலிருந்த பாட்டி “சாமி வந்துட்டுப் போகுது” என்றாராம். தாளம் போட்டது யார்?

யாருமில்லை. பாட்டி கோபித்தாலும் சரி.

உள்ளங்கைகள் மோதும்போது நடுவில் சிக்கும் காற்று பெருவிரலோரச் சந்து வழியே பீறிடுவதால் சத்தம் வருகிறது; கையைக் குவித்தால் தொம்மென்றும், தட்டையாக வைத்தால் பட்டென்றும் கேட்கும். அது இருக்கட்டும்.

சுவாரசியம் தாளத்தில்தான் இருக்கிறது. இயற்பியலாளர் சோல்தான் நேடாவும் கூட்டாளிகளும் ருமேனியா, ஹங்கேரி அரங்குகளின் கூரையில் மைக் வைத்துக் கைதட்டலைப் பதிவு செய்து, 2000இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உற்சாகத்தில் வேகமாகத் தட்டும்போது ஆளாளுக்கு ஒரு வேகம். வித்தியாசம் அதிகம் என்பதால் ஒத்துப்போக வழியில்லை. திடீரென்று கூட்டம் வேகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கிறது. மெதுவாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் வித்தியாசமும் சுருங்கிவிடுகிறது. கும்மியை நிதானமாகத் தொடங்கினால்தான் புதிதாக வந்தவளும் வட்டத்தில் சேர முடியும், அந்த மாதிரி. வித்தியாசம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள். இந்தக் கணக்கை ஜப்பானிய இயற்பியலாளர் யோஷிகி குராமோட்டோ 1975இலேயே போட்டு வைத்திருந்தார்.

பிறகு ஏன் கலைகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாதி வேகம் என்றால் நிமிடத்துக்குப் பாதித் தட்டல்கள். அரங்கின் சராசரிச் சத்தம் இறங்கிவிடும். ‘இன்னும் பலமா!’ என்று துடிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். உடனே வித்தியாசம் விரியும், தாளம் உடையும். இரைச்சலும் வேண்டும், ஒற்றுமையும் வேண்டும் என்றால் நடக்காது. அதனால்தான் கூட்டம் இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது.

கைதட்டலை ஆராயக் காசு எதற்கு என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். மின்மினிகள் ஒன்றாக மின்னுவதற்கும் இதயத்தின் துடிப்புச் செல்கள் ஒத்துப்போவதற்கும் இதே வகைக் கணக்குதான். மின்கட்டமைப்பில் ஜெனரேட்டர்கள் ஒரே தாளத்தில் சுழல்வதை ஆராயவும் இது பயன்படுகிறது. லோட்-ஷெடிங் என்ற மின்வெட்டில் நொந்த நம் நாட்டில் இதை யாராவது வீண் என்பார்களா?

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் தலைவர் பேச்சுக்குக் கிடைத்த தாளக் கைதட்டல் லேசில் கலையாது. சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை அங்கே யாருக்கும் இல்லை.