இதயம் நின்றதெல்லாம் காரணம் ஆகாது

போன வாரம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் இறப்புப் படிவம் வந்தது. காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றுவிட்டது'. மறுபடியுமா என்று எரிச்சலோடு நேரிலேயே விசாரிக்கப் போனேன். இறந்த ஆச்சியின் மகள் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பன்னெண்டு வருசமா சுகரு சார். கால்ல புண்ணு வந்து ஆறவே இல்ல. ரெண்டு விரல எடுத்தாங்க. கடைசியில காய்ச்சலா கெடந்து போயிட்டா." இதில் இதயம் எங்கே வந்தது?

டாக்டர் நண்பர்களே, இறந்த எல்லாருக்கும் இதயம் நின்றுதான் இருக்கும். லாரியில் அடிபட்டவருக்கும் நின்றது, பாம்பு கடித்தவருக்கும் நின்றது. நிற்காதவரை நாம் இறப்புப் படிவத்தையே எடுப்பதில்லையே! படிவம் கேட்பது எது தொடங்கி வைத்தது என்பதை. மேல் வரியில் ரத்தத்தில் கிருமித்தொற்று, அதற்குக் கீழே அழுகிய கால் புண், அதற்கும் கீழே சர்க்கரை நோய், பன்னிரண்டு வருடம். சரியாக நிரப்பினால் கணக்கில் ஏறுவது அந்தக் கீழ்வரிதான். அது இல்லையென்றால் ஆச்சி மாவட்டக் கணக்கில் இதய நோயாளி. அப்புறம் கால் புண்ணுக்கு மருந்தும் ஆளும் வேண்டும் என்று நான் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? ('முதுமை' என்று ஒற்றை வார்த்தை எழுதுகிறவர்களை இன்னொரு நாள் திட்டுகிறேன்.)

இறப்பு விகிதம் என்பது ஆயிரம் பேருக்கு வருடத்தில் எத்தனை சாவு என்ற வகுத்தல் கணக்குத்தான். அதிலும் கோளாறு. 2011 சென்சஸில் திருநெல்வேலி மாவட்டத்துக்குச் சுமார் 30.77 லட்சம் பேர். 2019 நவம்பரில் தென்காசி பிரிந்துவிட்டது. இன்றைய மாவட்டத்தின் சாவுகளை அந்தப் பழைய எண்ணால் வகுத்தால் நாமெல்லாம் சிரஞ்சீவிகள்! மாறாக, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று பக்கத்து மாவட்டங்களிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்து இறப்பவர்களுக்குச் சட்டப்படி இறந்த இடத்தில்தான் பதிவு. வசித்த ஊர் பார்த்துப் பிரிக்காவிட்டால் பாளையங்கோட்டைத் தண்ணீரிலேயே விஷம் என்று தோன்றும்.

விகிதம் கூடினாலே சுகாதாரம் மோசம் என்றும் இல்லை. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் பீகாரைவிடக் கேரளத்தில்தான் இறப்பு விகிதம் அதிகம். அங்கே வயசாளிகள் அதிகம். வயதுவாரியாகப் பிரிக்காமல் ஊருக்கு ஊர் ஒப்பிடவே கூடாது.

இதைவிட வருத்தம், பதிவே ஆகாத சாவுகள். பட்டா மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் வர வேண்டும் என்றால் மறுநாளே ஓடி வருகிறார்கள். சொத்தில்லாத கிழவிக்கும் பிறந்து மூன்றாம் நாள் போன பிள்ளைக்கும் யார் ஓடுவது?

வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள், டவுனில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகம். காசு கிடையாது. குழந்தை ஒரு மணி நேரமே உயிரோடு இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். கடைசியாகப் பார்த்த டாக்டர் காரணச் சான்று எழுதித் தருவதற்கும் கட்டணம் வாங்கக் கூடாது, கேட்டு வாங்குங்கள். தயவுசெய்து, பதினாறாம் நாள் முடிந்த கையோடு மாத்திரைச் சீட்டையும் டிஸ்சார்ஜ் காகிதத்தையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

கிளம்பும்போது அந்த மகள், "எனக்கும் அடிக்கடி கால் மதமதங்குது சார்" என்றார். அங்கேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். 286.